21 நாளில் டிஸ்க் உள்ளே போய்விடுமா?

கேள்வி: எனக்கு வயது 43. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் தைக்கிறேன். மூன்று மாதமாக இடுப்பு வலி, சில நாள் வலது தொடை வரை இழுக்கிறது. ஸ்கேனில் கீழ்முதுகு எலும்புகளுக்கு நடுவிலுள்ள எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கியிருப்பதாக வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்த மூலிகைப் பொடியைப் பத்து நாள் சாப்பிட்டேன், வலி பறந்துவிட்டது. நிறுத்தியதும் திரும்பிவிட்டது. பாலக்காட்டுப் பக்கம் ஒரு இடத்தில் 21 நாள் தங்கிக் கடிவஸ்தி என்ற எண்ணெய்ச் சிகிச்சை செய்தால் டிஸ்க் உள்ளே போய்விடும், 65,000 ரூபாய் ஆகும் என்று ஆள் அழைத்துப் போகிற ஒருவர் சொல்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். போன வாரம் 260 காட்டியது. நகையை அடகு வைத்துப் போகலாமா?

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். முதலில் அந்தப் பொடியைப் பற்றிப் பேசுவோம்.

இடுப்பு வலிக்கு எங்களைப் போன்ற ஆயுர்வேத வைத்தியர்கள் கொடுக்கிற கஷாயமும் குக்குலு என்கிற மரப்பிசின் மாத்திரையும் மூன்றாம் நாளே வலியைப் பறக்க விடாது. மெதுவாகத்தான் கேட்கும். சாப்பிட்டதும் வலி போய், பசி அதிகமாகி, முகம் கொஞ்சம் உப்பி, சர்க்கரையும் ஏறினால் என் சந்தேகம் ஸ்டீராய்டு மேல்தான் போகும். டெக்ஸாமெத்தசோன் மாதிரி மலிவான ஆங்கில மாத்திரையை அரைத்து மூலிகைப் பொடியில் கலப்பது ஊரறிந்த வியாபாரம். உங்கள் 260க்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆனாலும் மிச்சமிருக்கும் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு சர்க்கரை டாக்டரிடம் போய்க் காட்டுங்கள். நீங்கள் பத்து நாளில் நிறுத்தியது நல்லதாயிற்று. மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்த வேண்டாம். உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் மயங்கி விழுந்துவிடுவார்கள். டாக்டரைப் பார்த்துப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கடையில் வாங்கும் ஆயுர்வேத மருந்தில் உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது, தயாரித்தவர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் கீழ் உரிமம், லேபிள் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. ஒன்றும் எழுதாத பிளாஸ்டிக் கவரில் வருவதை வாயில் போடாதீர்கள். இதைப் பிடிக்க வேண்டியவர்கள் எப்போது பிடிப்பார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

சரி, டிஸ்க். ஸ்கேன் காகிதத்தைப் பார்த்துப் பயந்துதான் பாதிப் பேர் புரோக்கரிடம் மாட்டுகிறார்கள். வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தப் பிதுக்கம் தெரியும். நரை முடி மாதிரிதான் அது. கடிவஸ்தி என்பது உளுந்து மாவில் வரம்பு கட்டி, இடுப்பின்மேல் வெதுவெதுப்பான தைலத்தை அரை மணி, முக்கால் மணி நேரம் நிறுத்துவது. இறுகிய தசை தளரும், வலி குறையும். நல்ல சிகிச்சை, நானே செய்கிறேன். ஆனால் தைலம் டிஸ்க்கை உள்ளே தள்ளாது. தள்ளும் என்று சொல்கிறவர் வைத்தியர் இல்லை, விற்பனையாளர். முதுகில் ஏறி நின்று 'டக்' என்று சத்தம் வரவழைத்து வீடியோ போடுகிறவர்களும் அந்தக் கணக்கில்தான். கடிவஸ்திக்குத் தங்க வேண்டியதும் இல்லை, போய்விட்டு வீடு திரும்பலாம். 21 நாள் என்பது பெரும்பாலும் அறை வாடகைக்கும் அழைத்து வந்தவரின் கமிஷனுக்கும் போட்ட கணக்கு.

கிழியும் (சூடான மருந்து மூட்டையால் ஒற்றுவது) சூட்டு ஒத்தடமும் செய்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. நாள்பட்ட சர்க்கரையில் பாதத்தின் உணர்வு மெல்ல மரத்துப்போகும். மரத்தது நமக்கே தெரியாது. தேய்த்துவிடுகிறவர் எண்ணெயின் சூட்டைத் தன் கையில்தான் பார்ப்பார். அவர் கைக்கு இதமான சூடு உங்கள் காலில் கொப்புளம் போட்டுவிடும், நீங்கள் 'சுடுகிறது' என்று சொல்லவும் மாட்டீர்கள். அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும், விரலை எடுக்கிற நிலைமைக்கும் போகலாம். ஆகவே இன்று இரவே கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் யாரையாவது கால் விரல்களையும் உள்ளங்காலையும் பஞ்சால் தொடச் சொல்லுங்கள். எந்த இடம் என்று சரியாகச் சொல்ல முடியவில்லையா? காலில் கிழி, ஆவி, சூட்டுப் பை, வீட்டில் வறுத்துக் கட்டும் உப்பு ஒத்தடம் எதுவும் வேண்டாம். இடுப்பில் செய்யும்போதும் சர்க்கரை இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சர்க்கரை 260இல் நிற்கும்போது எதையும் ஆரம்பிக்க வேண்டாம், அது இறங்கட்டும். லேகியத்திலும் அரிஷ்டத்திலும் வெல்லம் உண்டு; ஆயுர்வேதம்தானே என்று குடித்துவிடாதீர்கள்.

வலிக்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் ஸ்டூலில்தான் இருக்கிறது. சாய்மானமில்லாத ஸ்டூலில் ஒன்றரை ஷிப்ட் குனிந்து உட்கார்ந்தால் எந்த இடுப்பும் தாங்காது. ஸ்டூலை மிஷினுக்கு நெருக்கமாக இழுத்துப் போடுங்கள். உயரம் போதவில்லை என்றால் மடித்த துணியை வையுங்கள். ஒவ்வொரு பண்டல் முடியும்போதும் எழுந்து, இடுப்பில் கை வைத்து நாலைந்து முறை பின்னால் வளையுங்கள். பீஸ் ரேட்டில் அந்த ஒரு நிமிஷமும் காசுதான், தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்துச் சிறுநீரை அடக்குவது, அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது, அப்புறம் மலச்சிக்கல். அடக்கக் கூடாத வேகங்கள், அதாவது உடம்பின் இயற்கை உந்துதல்கள், பதின்மூன்று என்று ஆயுர்வேதம் கணக்கே வைத்திருக்கிறது. அடக்கினால் கெடுவது வாதம் என்கிற தோஷம், அது குடியிருக்கும் இடம் பெருங்குடலும் இடுப்பும். முக்கினால் டிஸ்க் வலி கூடும் என்பதை அலோபதிக்காரரும் ஒப்புக்கொள்வார். தண்ணீர் குடியுங்கள், கீரை சாப்பிடுங்கள்.

வீட்டில் தன்வந்தரம் அல்லது கொட்டம்சுக்காதி தைலத்தை லேசாகச் சூடாக்கி இடுப்பில் தடவி, அரை மணி கழித்து வெந்நீரில் குளிக்கலாம். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்குங்கள். தொடை வலி கீழே இறங்கினால் உடனே விட்டுவிடுங்கள். குனிந்து காலைத் தொடும் ஆசனம் இப்போதைக்கு வேண்டாம். நாள் முழுக்கப் படுக்காமல், தினம் அரை மணி நடங்கள். உள்ளுக்கு ராஸ்னாசப்தகம் போன்ற கஷாயம் கொடுப்போம், ஆனால் உங்களைப் பார்த்த பிறகுதான்.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ என்னிடமும் வர வேண்டாம், பாலக்காட்டுக்கும் வேண்டாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. காய்ச்சலோடு இடுப்பு வலி வந்தாலும் அப்படித்தான்.

கடைசியாக, பணம். உங்கள் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு இருக்க வேண்டும். சம்பளத்தில் 0.75 சதவீதம் அதற்காகத்தான் பிடிக்கிறார்கள். டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்தால், ஆறு மாதக் கணக்கில் 78 நாள் சந்தா கட்டியிருக்கும் பட்சத்தில், சம்பளத்தில் 70 சதவீதம் வரை, வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் சீட்டுக்கு ஒரு வரிசை, மருந்துக்கு ஒரு வரிசை, கையெழுத்துக்கு இன்னொரு நாள் வா என்பார்கள். இடுப்பு வலிக்காரரை மூன்று மணி நேரம் நிற்க வைக்கிற இடம் அது. இருந்தாலும் போங்கள், பிசியோதெரபி எழுதிக் கேளுங்கள். கான்ட்ராக்டர் கீழே வேலை என்றால் அட்டையே போடாமல் பிடித்தம் மட்டும் செய்திருப்பார்கள். சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். பிடித்தம் இருந்து அட்டை எண் இல்லை என்றால் அந்தச் சீட்டோடு நேரே ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுங்கள்.