ஏற்காட்டில் வாசலுக்கும் தோட்டத்துக்கும் நடுவே 4 அடி இறக்கம், கொத்தனார் இல்லாமல் நாமே படி கட்டலாமா?

தாராளமாகக் கட்டலாம். மொத்த உயரத்தை முதலில் சரியாக அளந்துவிடுங்கள், கண்ணளவு வேண்டாம், தண்ணீர் நிரப்பிய டியூப் வைத்துப் பாருங்கள், அதன் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். 4 அடி என்றால் 48 அங்குலம், படிக்கு 6 அங்குலம் வைத்தால் 8 ஏற்றம். கடைசி ஏற்றம் வாசல் தரையிலேயே முடிவதால் 7 படி போதும். கால் வைக்கும் அகலம் 12 அங்குலம் விட்டால் நீளவாக்கில் 7 அடி இடம் வேண்டும். ஒரு படி மட்டும் அரை அங்குலம் கூடினாலும் கால் இடறும், இதில் சலுகையே கிடையாது.

வேலையைக் கீழிருந்து மேலே கொண்டுபோங்கள். முதல் படிக்கு ஓரடி தோண்டி, ஜல்லி கொட்டி, திமிசுக் கட்டையால் நன்றாக இடித்து, முகப்பில் சைஸ் கல்லை, அதாவது அளவாக உடைத்த கல்லை, சிமெண்ட் கலவையில் உட்கார வையுங்கள். அதன் பின்னால் ஜல்லி நிரப்பி இடித்து மேலே 3 அங்குலம் கான்கிரீட், அப்புறம் அதன் மேல் அடுத்த படியின் கல்.

நம்ம மலையில் படியைக் கெடுப்பது மழைத் தண்ணீர்தான். ஒவ்வொரு படியும் முன்பக்கம் கால் அங்குலம் சாய்வாக இருக்கட்டும், மேட்டுப் பக்கம் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி விடுங்கள். நான் முதல் தடவை வாய்க்கால் விடாமல் கட்டி, ஒரே ஐப்பசியில் இரண்டு படி அடிமண் அரித்து இறங்கிவிட்டது. மேற்பரப்பை வழவழவென்று பூசாதீர்கள், பாசி பிடித்தால் வழுக்கும். ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்கே ஒரு இழுப்பு. 7 நாள் சாக்கு போட்டுத் தண்ணீர் தெளியுங்கள்.