கருவாட்டு வியாபாரமும் வீட்டுச் சமையலும்

கேள்வி: கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். விடியற்காலையிலேயே கரைக்குப் போய்விடுவதால், வீட்டில் ஐந்து பேருக்குச் சமைக்க நேரம் போதவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, பாம்பன்

பதில்: சமையலில் அதிக நேரத்தை விழுங்குவது சின்ன வெங்காயம் உரிப்பதும் மசாலா அரைப்பதும்தான் என்பதால், அவற்றை முதல்நாள் மாலையே முடித்துவிடுங்கள். (உரிப்பதை வீட்டு ஆண்களிடம் விடுவதில் தவறேதுமில்லை.) மீன் குழம்பையும் இரவே வைத்துவிடலாம், புளி ஊறி மறுநாள் ருசி கூடும் என்பது நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பு நம் கடற்கரைப் புழுக்கத்தில் சீக்கிரம் ஊசிப்போகும் ஆகையால், அதைத் தவிர்த்து, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, காலையில் நன்றாகக் கொதிக்கவிட்டுப் பரிமாறுங்கள். இட்லி மாவு பொங்கியவுடன் இரண்டு பாத்திரங்களில் பிரித்து உள்ளே வைத்தால், ஒன்றைப் புழங்கும்போது மற்றது அவ்வளவாகப் புளிக்காது. பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கருவாடு உங்களிடமே இருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை சற்றுக் குறையும்போது, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ராமநாதபுரம் முண்டு மிளகாயை மல்லியோடு அந்த வெயிலிலேயே காயவைத்து, ஓராண்டுக்கான குழம்புத் தூளை மில்லில் அரைத்து வைத்துவிடுங்கள்.