ஆடகசவுந்தரி மணப்பெண் மட்டும்தானா?

ஐயாவுக்கு வணக்கம். மகள் வகுப்பில் ஓர் அரசியைப் பற்றிப் பேச வேண்டும். ஆடகசவுந்தரியைச் சொல்லிக் கொடுத்தேன். ரீச்சர், "அது வெறும் கதை, செம்பியன் மாதேவியைப் பேசு" என்றாராம். திருகோணமலைப் பிள்ளை தன் ஊர் அரசியைப் பேசக் கூடாதா?
- வாசகி, உப்புவெளி

அன்புள்ள வாசகிக்கு,

தாராளமாகப் பேசட்டும். ரீச்சர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆடகசவுந்தரிக்குக் கல்வெட்டு கிடையாது. ('கோணேசர் கல்வெட்டு' என்ற பெயரை நம்பிக் கல்லைத் தேடிப் போகாதீர்கள், அது கோணேசர் கோயிலைப் பற்றிய நூல்.)

சரி, கல்லில் பெயர் இருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள்? தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் 'நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும்' என்று வெட்டச் சொல்கிறான். குந்தவை அங்கே அக்கன். இலங்கையின் பழைய தலைநகரான பொலன்னறுவையில் வானவன்மாதேவி ஈச்சரம் என்ற சிவன் கோயில் இருக்கிறது. அது ராஜராஜனின் தாயின் பெயர். செங்கல் கோயில்களைக் கற்கோயிலாக்கிய செம்பியன் மாதேவியையும் கண்டராதித்தரின் தேவி, உத்தம சோழனின் தாய் என்றுதான் தொடங்குவோம்.

எனக்குப் பிடித்தவள் லீலாவதி. பொலன்னறுவை மன்னன் பராக்கிரமபாகுவின் விதவை. 1197, 1209, 1211 என மூன்று முறை பொலன்னறுவையில் அரசேறினாள். ஒவ்வொரு முறையும் பின்னால் ஒரு படைத்தலைவன் நின்றான் என்பது உண்மைதான். 1212இல் பராக்கிரம பாண்டியன் வந்து இறக்கிவிட்டான். ஆனால் அவளுடைய செப்புக்காசைப் பாருங்கள். முந்திய அரசர்களின் காசு மாதிரியே ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜ லீலாவதி'. ராணி என்று போடவில்லை. யாருடைய மனைவி, யாருடைய தாய் என்றும் இல்லை.

இனி நம்மவளுக்கு வருவோம். குழந்தையாகப் பெட்டியில் வைத்துக் கடலில் விடப்பட்டவள், கரையேறி உன்னாசகிரியை ஆண்டவள். குளக்கோட்டன் என்ற சோழ இளவரசன் கோணமலையில் கோயில் திருப்பணி செய்கிறான் என்று கேட்டதும், அவனைத் துரத்தப் படையோடு மந்திரியை அனுப்புகிறாள். என் அம்மம்மா இந்த இடத்தை ஒரே மூச்சில் தாண்டி, அவளுக்கும் குளக்கோட்டனுக்கும் நடந்த கலியாணத்துக்குப் போய்விடுவா. தாலி, சீர், பந்தல் எல்லாம் ஆறுதலாக வரும். யாரைக் கேட்டு என் எல்லையில் கட்டுகிறாய் என்று கேட்டவளை எங்களுக்கு மணப்பெண்ணாகத்தான் தெரியும்.

மகளிடம் சொல்லுங்கள்: 'இது கதை' என்று முதலிலேயே சொல்லிவிட்டு, படை புறப்படும் இடத்தில் கொஞ்சம் நிற்கட்டும். அப்புறம் ரீச்சர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.