மருத்துவர் பதில்கள்: மாதவிலக்கு நின்றபின் தடிக்கும் கர்ப்பப்பைச் சவ்வு

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. மாதவிலக்கு நின்று ஒன்பது வருடம் ஆகிறது. போன வாரம் இரண்டு நாள் பழுப்பு நிறத்தில் கறை பட்டு, தானாகவே நின்றுவிட்டது. ஸ்கேனில் கர்ப்பப்பை உள்சவ்வு 9 மி.மீ. என்று வந்திருக்கிறது. போன வருடம் எடுத்த பாப் ஸ்மியர் நார்மல் என்பதால் பயாப்ஸி (திசு எடுத்துப் பரிசோதிப்பது) வேண்டாம் என்கிறார். விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. பாப் ஸ்மியர் கர்ப்பப்பையின் வாயைப் பார்க்கிற சோதனை. உள்சவ்வில் என்ன நடக்கிறது என்பதற்கு அது சாட்சி இல்லை. கடைசி மாதவிலக்குக்கு 12 மாதம் கழித்து வருகிற எந்தக் கசிவுக்கும், ஒரு துளியானாலும், பழுப்பானாலும், நின்றே போனாலும், காரணம் கண்டுபிடித்தாக வேண்டும். இப்படி வருகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்குச் சவ்வு மெலிந்து வறண்டது, பாலிப் என்கிற சிறு சதை வளர்ச்சி போன்ற காரணங்கள்தான். புற்று உள்ள அந்தப் பத்தாவது ஆள் யார் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

ஸ்கேன் எப்படி எடுத்தார்கள் என்று கேளுங்கள். முட்ட முட்டத் தண்ணீர் குடிக்க வைத்து வயிற்றின்மேல் எடுத்ததென்றால் மில்லிமீட்டர் கணக்கை நம்பி முடிவெடுக்க முடியாது. சிறுநீர் கழித்துவிட்டு, யோனி வழியாக எடுக்க வேண்டும். முன்சுவர், பின்சுவர் இரண்டின் சவ்வையும் சேர்த்து, மிகத் தடித்த இடத்தில் அளக்க வேண்டும். நடுவில் நீர் தேங்கியிருந்தால் அதை அளவிலிருந்து கழித்துவிட வேண்டும். கசிவு உள்ளவருக்கு 4 மி.மீ. அல்லது குறைவு என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே. ஆனால் கசிவு மறுபடி வந்தால் 3 மி.மீ. ஆனாலும் பயாப்ஸிதான். சவ்வைத் தடிக்க வைக்காமலே வளரும் முரட்டு வகைப் புற்றுகளும் உண்டு.

அம்மாவுக்கு 9 மி.மீ., கூடவே கசிவு. திசு எடுத்தே ஆக வேண்டும். சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் குழாயைக் கர்ப்பப்பை வாய் வழியாகச் செலுத்தி, உறிஞ்சி எடுப்பார்கள். மயக்க மருந்து வேண்டியதில்லை. வந்த அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். கடுமையான மாதவிலக்கு வலி மாதிரி ஓரிரு நிமிடம் பிடித்து இழுக்கும். ஒரு மணி நேரம் முன்பு வலி மாத்திரை போட்டுக்கொண்டால் தாங்கிக்கொள்ளலாம். சிலருக்குத் தலை சுற்றி வியர்க்கும், சற்று நேரம் படுத்திருந்தால் சரியாகும்.

சறுக்குகிற இடம் அடுத்தது. வயதாகிக் கர்ப்பப்பை வாய் சுருங்கியவருக்குக் குழாய் உள்ளே போகாது. போனாலும் சில சமயம் துணுக்குதான் வரும். 'திசு போதவில்லை' என்று வந்த ரிப்போர்ட்டை 'ஒன்றுமில்லை' என்று வாசித்து ஃபைலில் வைத்துவிடுகிறார்கள். 9 மி.மீ. சவ்விலிருந்து துணுக்கு மட்டும் வந்தால் கணக்கு உதைக்கிறது என்று பொருள். குழாய் கண்ணில்லாமல் சுரண்டுகிறது. ஒரு மூலையில் ஒட்டியிருக்கும் பாலிப்பைத் தாண்டிப் போய்விடும். அடுத்து ஹிஸ்டரோஸ்கோபி செய்து, கேமரா வழியே பார்த்துக்கொண்டே அந்த இடத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்குக் கசிவே இல்லை. வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் 7 மி.மீ. என்று வந்தது. கர்ப்பப்பையைச் 'சுத்தம்' செய்ய வேண்டுமா?

பதில்: 4 மி.மீ. கணக்கு கசிவு உள்ளவர்களுக்கானது. கசிவு இல்லாதவருக்குப் பொதுவாக 11 மி.மீ.க்கு மேல் போனால்தான் பயாப்ஸி பற்றி யோசிப்போம். அதற்குக் கீழே என்றாலும் சவ்வு மேடுபள்ளமாக இருக்கிறது, நீர் தேங்கியிருக்கிறது, ரத்த ஓட்டம் கூடுதல் என்று ஸ்கேனில் எழுதியிருந்தால் கதை வேறு. எதுவும் இல்லையென்றால் சும்மா இருங்கள். கசிவு வந்தால் அன்றே வாருங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு 58 வயது, உடல் பருமன் உண்டு. பயாப்ஸியில் 'ஹைப்பர்பிளேசியா வித்தவுட் ஏடிபியா'. ஒரு டாக்டர் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் ஹார்மோன் லூப் வைக்கச் சொல்கிறார். இந்த வயதில் லூப் எதற்கு?

பதில்: கர்ப்பப்பைக்குள் வைக்கிற சிறு சாதனம்தான் லூப். இங்கே அது கருத்தடைக்கு அல்ல, மருந்துக்கு. மாதவிலக்கு நின்றபின் சினைப்பை ஓய்ந்தாலும் கொழுப்புத் திசு ஓய்வதில்லை. ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோனை, சவ்வை வளர்க்கிற ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. அதைக் கட்டுப்படுத்த வேண்டிய புரோஜெஸ்டிரோன் இப்போது இல்லை. அதனால் சவ்வின் சுரப்பிகள் தறிகெட்டுப் பெருகுகின்றன. 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல் உள்ள லூப், பெருகுகிற இடத்திலேயே உட்கார்ந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறது. ரத்தத்தில் கலப்பது கொஞ்சம்தான்.

ரிப்போர்ட்டில் 'வித்தவுட்' என்ற சொல்லே தீர்ப்பு. செல்களின் உருவம் கெடவில்லை, எண்ணிக்கைதான் கூடியிருக்கிறது என்று பொருள். இது புற்றாக மாறும் வாய்ப்பு 20 ஆண்டுகளில் 5 சதவீதத்துக்கும் குறைவு. எடுத்த எடுப்பில் கர்ப்பப்பையை எடுக்க அவசியமில்லை என்பதே என் கருத்து.

லூப் வேண்டாமென்றால் மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் தினம் 10 முதல் 20 மி.கி., அல்லது நார்எதிஸ்டிரோன் 10 முதல் 15 மி.கி. ஒருநாள்கூட விடாமல், குறைந்தது 6 மாதம். மாதத்தில் சில நாள் மட்டும் போடுவது இதற்குப் பயன்படாது. காலில் ரத்தக் கட்டு வந்தவர்களும் மார்பகப் புற்று வந்தவர்களும் ஹார்மோனைத் தொடும் முன் அதைச் சொல்லிவிட வேண்டும்.

6 மாதத்தில் மறு பயாப்ஸி. லூப் உள்ளே இருக்கும்போதே எடுக்கலாம். ஆறு மாத இடைவெளியில் அடுத்தடுத்து இரண்டு முறை சுத்தமாக வர வேண்டும். உங்கள் மனைவியின் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 35 அல்லது அதற்கு மேல் என்றால் அதன்பிறகும் வருடம் ஒருமுறை. லூப் வைத்த முதல் சில மாதம் திட்டுத்திட்டாகக் கறை படும். பயந்துபோய் எடுக்கச் சொல்லாதீர்கள். 12 மாத சிகிச்சைக்கும் சவ்வு மசியவில்லை, குணமாகித் திரும்பி வந்தது, ஏடிபியா தலைகாட்டியது என்றால் மட்டும் முதல் டாக்டர் சொன்னதுக்குப் போகலாம். ஈஸ்ட்ரோஜன் மட்டும் உள்ள ஹார்மோன் மாத்திரை எதையாவது சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். அதை விட்டுவைத்துக்கொண்டு லூப் வைப்பது ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் இறைப்பது.

கேள்வி: எனக்கு 64 வயது. ரிப்போர்ட்டில் 'ஏடிபிக்கல் ஹைப்பர்பிளேசியா'. கேன்சர் இல்லைதானே, பிறகு ஏன் சினைப்பை வரை எடுக்கச் சொல்கிறார்கள்?

பதில்: 'ஏடிபிக்கல்' என்றால் செல்களின் உருவமும் கெட்டிருக்கிறது என்று பொருள். பயாப்ஸியில் வந்த துணுக்கில் கேன்சர் இல்லை. மிச்சச் சவ்வில் இல்லை என்று யாரும் உறுதி தர முடியாது. 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இதே ரிப்போர்ட்டோடு கர்ப்பப்பை எடுத்த 289 பேரில் 123 பேருக்கு உள்ளே ஏற்கெனவே புற்று இருந்தது. சினைப்பையிலும் சேர்ந்தே புற்று வரக்கூடும். மாதவிலக்கு நின்ற பிறகு அதை விட்டுவைப்பதில் பெரிய லாபமும் இல்லை.

முடிந்தால் லேப்ராஸ்கோபியில் செய்யலாம், சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ஆபரேஷனுக்கு முன் சில விஷயங்களைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கர்ப்பப்பை வாயும் சேர்த்து எடுக்கப்பட வேண்டும். வயிற்றுக்குள்ளே துண்டு துண்டாக நறுக்கி எடுக்கக் கூடாது. மறைந்த புற்று இருந்தால் சிதறிவிடும். சவ்வை மட்டும் வெப்பத்தால் கருக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தழும்புக்குப் பின்னால் மிச்சச் செல்கள் ஒளிந்துகொள்ளும், பிறகு பயாப்ஸி எடுக்கவும் வழி இருக்காது.

இதயம், நுரையீரல் காரணமாக மயக்க மருந்து தர முடியாதவர்களுக்கு லூப் உண்டு. ஆனால் அவர்களுக்கு 3 மாதத்துக்கு ஒரு பயாப்ஸி, இரண்டு தொடர்ந்து சுத்தமாக வரும்வரை. அதை விடாமல் செய்ய முடியுமா என்பதை யோசித்தே ஒப்புக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மார்பகப் புற்றுக்கு டாமாக்சிஃபென் சாப்பிடுகிறேன். வருடாவருடம் கர்ப்பப்பை ஸ்கேன் வேண்டுமா?

பதில்: கசிவு இல்லையென்றால் வேண்டாம். அந்த மாத்திரை சவ்வுக்குக் கீழே உள்ள திசுவையும் உப்ப வைப்பதால் ஸ்கேன் பலருக்குத் 'தடிப்பு' என்றே காட்டும்; வீண் பயம், வீண் பயாப்ஸி. கசிவு வந்தால் மட்டும், அளவு எதுவானாலும், ஹிஸ்டரோஸ்கோபியோடு திசுப் பரிசோதனை. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், புற்றுநோய் மருத்துவரைக் கேளுங்கள்.