வாசகர் கேள்வி – பதில்: செம்மண் தடத்தில் முதல் நாள்

கேள்வி: ஐயா, வணக்கம். மூன்று மாதங்களுக்கு முன்பு பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஒன்றை வாங்கினேன். இதுவரை வேலைக்கும் பத்துமலைக்கும்தான் ஓட்டியிருக்கிறேன். எங்கள் வட்டாரத்து நான்கு சக்கர இயக்க வாகன மன்றம் உலு லங்காட் பக்கம் புதியவர்களுக்காக ஒருநாள் பயணம் ஏற்பாடு செய்திருக்கிறது. என் வண்டியில் வின்ச்சும் (வடத்தைச் சுற்றி வண்டியை இழுக்கும் உருளை) இல்லை, பெரிய டயரும் இல்லை. சேற்றில் மாட்டிக்கொண்டால் பத்துப் பேர் முன்னால் கேலிப்பொருளாகிவிடுவேனோ என்று கூச்சமாக இருக்கிறது. போகலாமா?
– செந்தூல் வாசகர்

பதில்: தாராளமாகப் போங்கள். புதியவர்களுக்கான பயணத்தில் மாட்டிக்கொள்வதும் பாடத்தின் ஒரு பகுதிதான். கெடுதல் செய்வது அந்தக் கூச்சம்தான். சக்கரம் சுழல்கிறது, வண்டி நகரவில்லை என்று தெரிந்த பிறகும், கைகாட்டி உதவி கேட்க மனமில்லாமல் எண்ணெயை மிதித்துக்கொண்டே இருப்பவர்கள்தாம் வண்டியை அச்சு வரை புதைத்துவிடுகிறார்கள். அரை அடி இறங்கியதும் நிறுத்தியவரை ஒரே இழுப்பில் வெளியே எடுத்துவிடலாம்.

நான்கு சக்கரமும் இயங்கும் வண்டி எப்படி மாட்டும் என்று நீங்கள் கேட்கலாம். பூட்டு இல்லாத சாதாரண டிஃபரென்ஷியல் (ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் இஞ்சின் விசையைப் பிரித்துத் தரும் பற்சக்கர அமைப்பு), எந்தச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவோ அதையே வீணாகச் சுழற்றும். குறுக்குப் பள்ளத்தில் முன்பக்கம் ஒன்றும் அதற்கு மூலைவிட்டமாகப் பின்பக்கம் ஒன்றும் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால், தரையில் ஊன்றி நிற்கும் மற்ற இரண்டு சக்கரங்களும் சும்மா நின்றுவிடும். ஆகவே பள்ளத்தைக் கண்டதும் இறங்கி நடந்து பார்த்து, எந்தச் சக்கரம் எதன் மேல் ஏற வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பெரிய டயர் பற்றிய யோசனையை அதன்பின் வைத்துக்கொள்ளலாம்.

கியர் விஷயத்தில் ஒரு சொந்த அனுபவம். பல ஆண்டுகளுக்கு முன், என் முதல் பயணம் முடிந்து தார்ச்சாலைக்கு வந்த நான், நான்கு சக்கர இயக்கத்தை எடுத்துவிட மறந்து ஒரு எண்ணெய் நிலையத்தில் வளைத்தபோது டயர்கள் கிறீச்சிட்டன. வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் திணறியது. நெம்புகோலும் அசையவில்லை. கூச்சத்தில் கால் மணி நேரம் நானே அதனோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் ஒரு லாரி ஓட்டுநர்தான், "நேராகப் பத்தடி பின்னால் எடுங்கள்" என்றார், எடுத்ததும் கழன்றது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தூரம் ஓட வேண்டும். மண்ணில் டயர் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். தாரில் வழுக்க முடியாததால் இறுக்கம் முழுவதும் பற்சக்கரங்களில் தேங்கிவிடும். உங்கள் வண்டியிலும் நான்கு சக்கர இயக்கத்தில் முன் அச்சும் பின் அச்சும் இப்படி ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும் என்பதால், 4 எச் (நான்கு சக்கர இயக்கத்தின் வேக நிலை) காய்ந்த தார்ச்சாலைக்கு ஆகாது. 4 எல் (அதன் மெதுவான நிலை), வேகத்தைச் சுமார் இரண்டரை மடங்கு குறைத்து இழுவையைக் கூட்டும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்துத்தான் அதற்கு மாற்ற வேண்டும். செங்குத்தான இறக்கத்தில் 4 எல், முதல் கியர் என்று வைத்து, கிளட்ச்சை மிதிக்காமல் இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள விடுங்கள். ஏற்றத்தில் பாதி வழியில் நின்றுவிட்டால் திருப்ப முயலாதீர்கள். குறுக்கே நிற்கும் வண்டி உருளும். ரிவர்ஸ் கியரில் நேராகப் பின்னால் இறங்கி வாருங்கள்.

ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது கட்டைவிரல்களை வளையத்துக்குள் கொடுக்காமல் மேலே வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் கல்லில் மோதி ஸ்டியரிங் வெட்டித் திரும்பினால் விரல் முறியும்.

இழுக்கும் வேலையில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் யாராவது கயிற்றைக் கோக்க வந்தால், அவர் எவ்வளவு மூத்த உறுப்பினராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். அது பிய்த்துக்கொண்டு பீரங்கிக் குண்டுபோல் பறந்து உயிரைப் பறித்திருக்கிறது. சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) பொருத்திய கொக்கியும், தாங்கும் எடை குறித்த ஷேக்கிளும் (கயிற்றைக் கோக்கும் இரும்பு வளையம்) தான் வேண்டும். கயிறு இறுகும்போது மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைவிட அதிகத் தொலைவில் நிற்க வேண்டும்.

வின்ச் இல்லாதது குறையன்று; அது வழிநடத்துபவரிடம் இருந்தால் போதும். அவரிடம் கேட்க வேண்டியது வேறு: நிரந்தரக் காப்புக் காட்டுக்குள் நுழைவதானால் மாநில வன இலாகாவின் அனுமதிச் சீட்டு எடுத்தாயிற்றா? வழியில் பூர்வகுடி கிராமமோ செம்பனைத் தோட்டமோ இருந்தால் அங்கே சொல்லியாயிற்றா? அணிவகுப்பில் ஒரு விதி போதும்: சந்திப்பு வந்தால், பின்னால் வருபவர் உங்களைப் பார்க்கும்வரை நின்று, பிறகு திரும்புங்கள்.

கேள்வி: அதே பயணத்துக்கு என் கணவர் போகிறார். எட்டு வயது மகனையும் அழைத்துக்கொண்டு நானும் போகலாமா? மதிய உணவு ஆற்றங்கரையில் என்கிறார்கள்.
– செராஸ் வாசகி

பதில்: போகலாம் அம்மா. மகனைப் பின் இருக்கையில் வார்ப்பட்டையோடு உட்கார வையுங்கள். எவ்வளவு அடம்பிடித்தாலும் பிக்கப்பின் பின்தட்டில் ஏற்ற வேண்டாம். மாற்றுத்துணி, அட்டைக்கு உப்பு, கூடுதல் குடிநீர் எடுத்துச் செல்லுங்கள். கவனிக்க வேண்டியது ஆறுதான். நீங்கள் இருக்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மேலே மலையில் பெய்த மழை திடீரென்று வெள்ளமாக இறங்கும்; மலாய்க்காரர்கள் அதைக் கெபாலா ஆயர் என்பார்கள். தெளிந்த நீர் கலங்கினாலோ, இலைகளும் சுள்ளிகளும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, மகனைத் தூக்கிக்கொண்டு உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். பாயையும் சாப்பாட்டுக் கேரியரையும் எடுக்கத் திரும்பாதீர்கள்.