உதடு மரத்தது, பல் ஏன் வலித்தது?

"கீழ்க் கடைவாய்ப்பல்லில் சீழ். இரண்டு ஊசி போட்டார்கள், உதடு நன்றாக மரத்துவிட்டது. ஆனால் பல்லைத் தொட்டதும் உயிர் போய்விட்டது. மருத்துவர் சிகிச்சையைத் தள்ளிவைத்துவிட்டார். என் உடம்புக்கு மரப்பு ஊசி ஏறாதா? அடுத்த முறை என்ன செய்வது?" என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

ஏறுகிறது. உதடு மரத்ததே அதற்குச் சாட்சி.

நரம்பிழையின் சவ்வில் நுண்ணிய வாசல்கள் உண்டு. அவை திறந்ததும் சோடியம் உள்ளே பாயும், அந்தப் பாய்ச்சல் அடுத்த வாசலைத் திறக்கும். வலி மூளைவரை ஓடுவது இப்படித்தான். பேத்தை மீனின் நஞ்சான டெட்ரோடோடாக்சின் இந்த வாசலை வெளிப்பக்கம் நின்று அடைக்கும். உடலெங்கும் பரவி மூச்சுத் தசைகளையே நிறுத்திவிடும். பல் மருத்துவர் போடும் லிடோகெய்னும் அதே வாசலைத்தான் அடைக்கிறது. ஆனால் ஊசி போட்ட இடத்தில் மட்டும், அதுவும் நரம்புக்குள் புகுந்து உள்ளிருந்து. இரத்தம் அதை அடித்துக்கொண்டு போனதும் நரம்பு பழையபடி ஆகிவிடும்.

அந்த உள்ளே புகுவதில்தான் சிக்கல். மின்னூட்டம் இல்லாத மூலக்கூறுதான் சவ்வைக் கடக்கும். பிஎச் (அமிலம் கூடக் கூடக் குறையும் அளவு) 7.4 உள்ள நல்ல திசுவில் லிடோகெய்னில் ஏறக்குறைய 25 சதவீதம் அப்படி இருக்கும். சீழ் பிடித்த இடத்தில் அமிலம் கூடி பிஎச் 6.4 ஆனால், 3 சதவீதம்தான் மிஞ்சும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் இது பாதிக் காரணம்தான் என்று நினைக்கிறேன். கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு வழக்கமாகத் தாடையின் பின்பக்கம், சீழிலிருந்து தள்ளித்தான் ஊசி போடுவார்கள். உதடு மரத்திருக்கிறது என்றால் அங்கே மருந்து வேலை செய்திருக்கிறது. மீதிக் காரணம் பல்லின் நரம்பிலேயே இருக்கிறது. பல நாள் அழற்சியில் கிடந்த நரம்பு, புரோஸ்டாகிளாண்டின் போன்ற, வலியைத் தூண்டும் பொருள்களில் ஊறி, லேசாகத் தொட்டாலே சீறும் நிலைக்கு வந்துவிடுகிறது. சாதாரணப் பல்லுக்குப் போதுமான மருந்து அதற்குப் போதாது.

சரி, அடுத்த முறை. போன தடவை நடந்ததை உட்கார்ந்ததுமே சொல்லிவிடுங்கள். முதலில் சீழை வடித்துவிட்டு மற்றதைப் பிறகு செய்யலாம். பல்லைச் சுற்றியோ எலும்புக்குள்ளோ கூடுதல் ஊசியும் போடலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரைக்கு ஒவ்வாமை இல்லையென்றால், சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன்பு ஐபுப்ரோஃபென் எடுக்கலாமா என்று கேளுங்கள். அது புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கும், ஊசியும் நன்றாகப் பிடிக்கும். நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட வேண்டாம். அடைபட்ட சீழ் வெளியேறாமல் தொல்லை தீராது.

அப்புறம், பல்லை இழுக்கும் அழுத்தம் தெரியத்தான் செய்யும். அதைச் சுமக்கும் தடித்த இழைகள் எளிதில் மரக்காது. குத்தும் வலி வந்தால் மட்டும் கையைத் தூக்குங்கள், நிறுத்திவிட்டு மேலும் மருந்து போடுவார்கள். ஊசி போட்டதும் நெஞ்சு படபடத்தால், பெரும்பாலும் மருந்தோடு கலந்த அட்ரினலின்தான் காரணம். சில நிமிடத்தில் அடங்கும். இதய நோய் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒன்றுக்கு மட்டும் காத்திருக்காதீர்கள். வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை பார்க்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.