நூறு விழுந்ததும் நிறுத்தலாமா?

கேள்வி: ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ரோமன் எண் பழக ஒரு பகடை செய்தோம். ஐந்து பக்கத்தில் I, V, X, L, C, ஆறாவது வெற்று. தன் முறை வந்தால் எத்தனை தடவையும் உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம். வெற்று விழுந்தால் அந்த முறை சேர்த்த அத்தனையும் போச்சு. முதலில் 1000 எடுப்பவருக்கு வெற்றி. ஒரு C விழுந்தாலே எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள். அது சரிதானா? ஆட்டம் சப்பென்று இருக்கிறதே, என்ன செய்யலாம்?
- ஓர் ஆசிரியை, பெரியபட்டினம்

பதில்: நூறில் நிறுத்துவது அவசரம். இன்னொரு தடவை உருட்டினால் வெற்று விழ ஆறில் ஒரு வாய்ப்பு. அதனால் சராசரி இழப்பு 100/6, அதாவது 17-க்குக் கொஞ்சம் கீழே. மற்ற ஐந்து பக்கங்களைக் கூட்டினால் 166. சராசரி வரவு 166/6, ஏறக்குறைய 28. உருட்டலாம். கையிருப்பு 166-ஐத் தொடும்போது இரண்டும் சமம், அதற்கு மேல் நிறுத்த வேண்டியதுதான். 166-ஐ ரோமனில் எழுதிப் பாருங்கள்: CLXVI. பகடையில் உள்ள எழுத்தெல்லாம் ஒவ்வொரு முறை, பெரியதிலிருந்து சிறியதாக! கரும்பலகை மூலையில் இதை எழுதி வையுங்கள், வேறு சூத்திரம் வேண்டாம். எதிராளி 950-இல் நிற்கும்போது மட்டும் இது செல்லாது; அப்போது துணிந்து உருட்டத்தான் வேண்டும்.

சப்பென்று இருப்பதற்குக் காரணம் வேறு. 1, 5, 10 என்று போட்டிருந்தாலும் இதே ஆட்டம்தானே? வெற்றுப் பக்கத்தில் இன்னொரு I ஒட்டுங்கள். விழுந்த எழுத்துகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி எழுத வேண்டும். ஒருவரின் ஒரே முறைக்குள் V அல்லது L இரண்டாம் தடவை விழுந்தால் அவுட், அந்த முறை சேர்த்த அத்தனையும் போச்சு. I, X, C-இல் ஏதாவது ஒன்று நான்காம் தடவை விழுந்தாலும் அவுட். (IV, IX போன்ற கழித்தல் எண்கள் இதில் வராது. அவற்றைத் தனியே பழக்குங்கள்.)

இப்போது C மட்டும் கையில் இருந்தால் அடுத்த உருட்டில் அவுட் ஆக வழியே இல்லை. CV, அதாவது 105: இழப்பு 105/6, வரவு 162/6, உருட்டு. CL, 150: இழப்பு 150/6, வரவு 117/6, நிறுத்து. LVI-தான் வம்பு பிடித்தது. V, L இரண்டும் ஆபத்து, 56-இன் இருமடங்கு 112. மிச்ச நான்கு பக்கத்தின் வரவும் 1+1+10+100, அதே 112. பிள்ளைகள் சண்டை போட இதைவிட நல்ல எண் கிடைக்காது.

மதிப்பெண்ணைத் தாளில் எழுதாமல் அட்டைக் காசாகக் கொடுங்கள். ஐந்து I-க்கு ஒரு V, இரண்டு V-க்கு ஒரு X என்று அவர்களே மாற்றிக்கொள்ளட்டும். அழகன்குளத்தில் ரோமானியக் காசு தோண்டியெடுத்த மாவட்டம், கதை சொல்ல இடமும் இருக்கிறது.

பகடையில் எழுத்து ஒட்டும் முன், அது ஒரே பக்கமாக விழாமல் சமமாக இருக்கிறதா என்று உப்பு நீரில் மிதக்கவிட்டுச் சோதியுங்கள். கடல் தண்ணீர் போதாது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புதான் இருக்கும், பகடை செய்யும் பிளாஸ்டிக் பெரும்பாலும் மூழ்கிவிடும். 200 மில்லி வெதுவெதுப்பான நீரில் 70 கிராம் உப்பைக் கரைத்து, பகடையை மிதக்கவிட்டுப் பத்துத் தடவை சுண்டுங்கள். ஒரே பக்கம் திரும்பத் திரும்ப மேலே வந்தால் உள்ளே குமிழி இருக்கிறது, தூக்கிப் போடுங்கள். கனமான பிளாஸ்டிக் இதிலும் மிதக்காது. அதை இந்த வழியில் சோதிக்க முடியாது.

நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். உப்புக் காற்றில் காகித ஸ்டிக்கர் ஓரம் கிளம்பும், வினைல் நிற்கும். எந்தப் பக்கம் மேல் என்று காட்ட எழுத்தின் கீழே கோடு இழுக்காதீர்கள்: தலைகீழாகப் பார்ப்பவருக்கு அது மேல்கோடு, ரோமன் எண்ணில் மேல்கோடு என்றால் ஆயிரம் மடங்கு. X-ஐ உருட்டிவிட்டுப் பத்தாயிரம் கேட்க ஒரு பையன் வருவான். ஒரு புள்ளி போதும்.